கரீமா மச்சி முடித்துவைத்த கவசம்

சபர் போன ஆம்பிளை வீடு திரும்பும்போது வீட்டில் ஒரு வேலையும் பாக்கி இருக்கக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். சபர் என்றால் கடல் தாண்டிப் பிழைக்கப் போவது. பழவேற்காட்டில் எங்கள் தெரு ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று போனவர்கள்தான். லீவில் வந்தால் அவர்கள் நன்றாகச் சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும், புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஜும்மாவுக்குப் போக வேண்டும். ஓடு மாற்றுவது, சுண்ணாம்பு அடிப்பது, சம்பந்தம் பேசி முடிப்பது எல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே நடந்திருக்கும். "அங்க மாடா உழைக்கிறான், இங்க வந்தும் வேலை வெக்கிறதா?" என்பார்கள். வந்தவன் கையில் சுத்தியலைப் பார்த்துவிட்டால் போதும், அந்த வீட்டுப் பெண்ணின் மானம் கப்பலேறிவிடும்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவதி யாரோ தெரியாது. என் கையில் கிடைத்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்பேன்.

என் பெயர் ஜொஹரா. சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டராக இருக்கும் அப்துல் ஷுக்கூர் என் கூடப் பிறந்த அண்ணன். நான் காக்கா என்று கூப்பிடுவேன். அவர் மனைவி கரீமா எனக்கு மச்சி. என்னைப் பக்கத்து வீட்டிலேயே இறால் வியாபாரி ஜலாலுதீனுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் கொல்லை ஒன்று. அந்த வீட்டில் யாராவது தும்மினால் இந்த வீட்டில் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன்.

காக்காவுக்கும் மச்சிக்கும் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த நாட்களை எல்லாம் கூட்டினால் ஒரு வருஷம் தேறுவது சந்தேகம். பிள்ளை இல்லை. இருந்திருந்தால் அதன் சளி, இருமல் பற்றியாவது பேசியிருப்பார்கள். காக்கா லீவில் வந்தால் முதல் வாரம் மச்சிக்கு வெட்கம், கடைசி வாரம் அழுகை. நடுவில் "சோறு போடட்டுமா", "போடு" என்பதைத் தவிர நான் ஒன்றும் கேட்டதில்லை. சண்டையாவது போடுவார்களா என்று பார்த்தேன். சண்டை போடக்கூட ஆளைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எண்பத்தேழில் வந்தபோது காக்கா ஒரு கலர் டிவியும் ஒரு கேம் பெட்டியும் கொண்டுவந்தார். பெட்டியில் ஒரு கேசட்டைச் செருகி டிவியில் மாட்டினால் படம் வரும். கையில் பட்டன் வைத்த சின்னப் பலகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தில் இருக்கிற ஆளை நாம் நடக்க வைக்கலாம், வெட்ட வைக்கலாம். விட்ட இடத்தை அந்தக் கேசட்டே ஞாபகம் வைத்துக்கொள்ளும். யாரோ பழசாக விற்றதை வாங்கி வந்திருக்கிறார். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, ஒருவருக்கும் ஒன்றும் புரியாது.

படத்தில் இருந்தவன் ஒரு குள்ளன். கையில் வாள், உடம்பில் வெறும் துணி. காட்டில் போகிற வருகிற மிருகமெல்லாம் அவனை அடித்துப் போடும். ஊர்க்கோடியில் ஒரு கொல்லன் பட்டறை. கொல்லன் வாயைத் திறந்தால் ஜப்பான் எழுத்து கொட்டும், கூடவே அவன் கேட்கிற சாமானின் படமும் வரும். செதில் வைத்த மிருகங்களைக் கொன்று செதிலைக் கொடுத்தால் காலுக்கு ஜோடு செய்து கொடுப்பான். ஜோடு போட்டால்தான் நெருப்புத் தரையைத் தாண்டலாம். தாண்டிப் போய் இரும்புக் கல் எடுத்துவந்தால் தலைக்கவசம். அதைப் போட்டால் தண்ணீருக்கு அடியில் இருக்கிற கதவு திறக்கும். அதற்குப் பிறகு கையுறை, கேடயம், கடைசியாக மார்க்கவசம். இப்படி ஒன்று செய்தால் ஒரு கதவு திறக்கும், அந்தக் கதவுக்குப் பின்னால் அடுத்ததற்கான சாமான் இருக்கும். முழுக் கவசமும் சேர்ந்தால்தான் கடைசிக் குகையில் இருக்கிற பூதத்தோடு மோத முடியும்.

"பகலெல்லாம் அங்க இரும்பைத்தான் ஒட்டறீங்க, லீவுலயும் இரும்பா?" என்று நான் கிண்டல் செய்தேன். காக்கா காதில் வாங்கவில்லை.

மத்தியானம் லுஹர் தொழுது, சாப்பிட்டு, பெட்டி முன்னால் உட்கார்ந்தால் சாயங்கால அஸர் பாங்கு வரை எழுந்திருக்க மாட்டார். மச்சி முதலில் கதவோரம் நின்று பார்த்தாள். பிறகு ஓலையும் ஊசியுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பனையோலையில் கூடை பின்னுகிறவள், பின்னலின் வழி மனதில் நிற்கும். குள்ளன் போன வழியும் அப்படியே நின்றுவிட்டது.

"இப்ப இடதா, வலதா?" என்பார் காக்கா.

"வலதுல போனா நேத்து செத்துட்டான்ல. கெணறு இருக்கே, அதும் பின்னால போங்க."

"நீ இன்னா அந்த ஊர்லயே பொறந்தவளா?"

மச்சி சிரிப்பாள். கொல்லையில் இறால் உரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கேட்டு, ஒரு இறாலைத் தோலோடு சட்டியில் போட்டேன். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை. குள்ளன் செத்தால் இருவரும் "ஐயையோ" என்று ஒன்றாகக் கத்துவார்கள். ராத்திரி சாப்பிடும்போதும் கொல்லனைப் பற்றித்தான் பேச்சு. எனக்குக் கேலியாக இருந்தாலும் சந்தோஷமாகவும் இருந்தது. கல்யாணம் பண்ணிவைத்த இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் புருஷன் பெண்டாட்டி ஆனார்கள் என்று ஜலாலுதீனிடம் சொன்னேன்.

லீவு முடிகிறபோது ஜோடும் தலைக்கவசமும்தான் ஆகியிருந்தன. கிளம்புவதற்கு முந்தின மத்தியானம் காக்கா பட்டன் பலகையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இவனுக்கு முழு கவசமும் போட்டு அந்தக் குகைக்குள்ள அனுப்பிட்டா போதும் கரீமா. சபருக்கு ஒரு சலாம் போட்டுட்டு இங்கியே உக்காந்துடுவேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் விளையாட்டுப் பேச்சு கேட்டுப் பழக்கமில்லாதவளிடம் சொன்னார். மச்சி அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

உப்புக்காற்றில் பெட்டி கெட்டுவிடும், அவ்வப்போது போட்டுவை என்று சொல்லிவிட்டுத்தான் அவர் போனார். மச்சி அப்படித்தான் ஆரம்பித்தாள். போட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் பட்டனை அழுத்தினாள், குள்ளன் நடந்தான். அடுத்த நிமிஷம் செத்தான். அன்றைக்கு அவள் போட்ட கூச்சலில் நான் கையில் கரண்டியோடு ஓடினேன்.

பிறகு தினமும் ஆடினாள். சமையலை முடித்துவிடுவாள், கூடையைத் தூரப் போட்டுவிடுவாள், கரண்ட் நன்றாக இருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். வோல்டேஜ் குறைந்தால் டிவியில் படம் சுருங்கும், மச்சி முகமும் சுருங்கும்.

தோணிரேவிலிருந்து நாகம்மாள் நண்டும் இறாலும் கொண்டுவருவாள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவிப் பிடிக்கிறவள். கூடையை வாசலில் இறக்கிவைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள்.

"இன்னா பாயம்மா, இவன் இன்னும் சட்டை வாங்கலியா?"

"கையுறைக்கும் செதில் கேக்கறான், பத்தல நாகம்மா."

"இதுக்கா இவ்ளோ பாடு? எங்க ரேவுல வந்து அள்ளிக்கினு போவ சொல்லு. செதிலைக் கொட்டறதுக்கு எடம் இல்லாம கெடக்கறோம்."

மச்சி சிரிக்கவில்லை. அவளுக்கு அது வேலை. வீட்டுக்கு ஓடு மாற்றியபோது எப்படி நின்று பார்த்தாளோ அதே முகத்தோடு செதில் சேர்த்தாள். கையுறைக்கு வேண்டிய கல் கிடைக்காமல் அந்த வருஷத்து மழைக்காலம் முழுக்க அலைந்தாள். கடைசியில் அது ஒரு அருவிக்குப் பின்னால் இருந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று பாயசம் காய்ச்சி எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். கையுறையைப் போட்டால் பாறையைத் தள்ளலாம். பாறைக்குப் பின்னால் கேடயத்துக்கான மரம். மார்க்கவசத்துக்கு என்று கொல்லன் கேட்டதெல்லாம் நியாயமே இல்லாத சாமான்கள். எங்கள் ஊரில் அப்படிக் கேட்கிற மாப்பிள்ளை வீட்டை வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

"அவரு வந்து ஆடிக்கட்டுமே, உனக்கு இன்னா அவசரம்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"சபர்லேர்ந்து வர்றவருக்கு வேலை வெக்கச் சொல்றியா? வந்தா உள்ள பூந்து ஒரே வெட்டா வெட்ட வேண்டியதுதான். அதோட சபரும் முடிஞ்சுது." சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கவசம் முடிந்தால் புருஷன் வீட்டில் தங்கிவிடுவார் என்று அவள் மனதார நம்பினாள்.

எண்பத்தொன்பதில் அவர் வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருந்தது. வீட்டுக்குச் சுண்ணாம்பு, ஜன்னலுக்குப் பச்சைப் பெயிண்ட், கிணற்றுக்கு மேல் வலை. குள்ளனும் தயார். தலை முதல் கால் வரை மின்னுகிற கவசத்தோடு குகை வாசலில் நின்றான். உள்ளே ஒரு அடிகூட மச்சி எடுத்துவைக்கவில்லை. முதல் கவளம் அவர் கையால் என்று சோற்றை மூடி வைப்பது போல நிறுத்திவைத்திருந்தாள். யாரும் அவருக்கு எழுதக் கூடாது, சொல்லியனுப்பக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

காக்கா வந்தார். முதல் நாள் சொந்தக்காரர் கூட்டம். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கையைக் கழுவியதும், "வா கரீமா, குள்ளன் இன்னா பண்றான்னு பாக்கலாம்" என்றார். நானும் வேடிக்கை பார்க்கப் போய் உட்கார்ந்தேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு களை. சாமியானா கட்டுகிற ஆள் மாதிரி கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். "எங்க யார்டுக்கு ஒரு ஜப்பான்காரர் வந்து போவாரு. அவருகிட்ட கேசட் மேல இருந்த படத்தைச் சொல்லி, கையுறைக்குக் கல்லு எங்க இருக்குனு கேட்டேன். முதல்ல ஆள் சிரிச்சிட்டாரு. அப்புறம் படம் போட்டுக் காட்டுனாரு. எங்கனு சொல்லு பாக்கலாம்?"

மச்சி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அருவிக்குப் பின்னால கரீமா! நாம அதும் எதிர்லயே எத்தினி வாட்டி போனோம். எனக்கு அன்னிக்கு ரூம்ல தூக்கமே வரல. இந்த வாட்டி கையுறை, கேடயம் ரெண்டும் முடிச்சிடலாம். மார்க்கவசம் அடுத்த லீவுக்கு ஆவட்டும்."

டிவியைப் போட்டார். படம் வந்தது. குள்ளன் தகதகவென்று நின்றான்.

காக்கா பட்டனை அழுத்தவில்லை. கேசட் மாறிவிட்டதோ என்று பெட்டியை ஒரு தரம் பார்த்தார். "யாரு பண்ணது இது?"

"நான்தான்."

"கையுறை?"

"அது போன வருஷமே ஆயிடுச்சி. எல்லாம் ஆயிடுச்சி. நீங்க உள்ள போவ வேண்டியதுதான் பாக்கி."

"மாஷா அல்லாஹ்" என்றார் காக்கா. பட்டன் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும், "மாஷா அல்லாஹ், பெரிய கெட்டிக்காரிதான்" என்றார். குரலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

குகைக்குள் போனார். கவசம் அவ்வளவு கெட்டி. பூதம் அடித்த அடியெல்லாம் குள்ளனுக்குக் கொசுக்கடி. வழியைக் கேட்கிற வேலைகூட இல்லை, ஒரே நேர்வழி. அஸர் பாங்கு சொல்வதற்குள் பூதம் செத்துவிட்டது. ஏதோ பாட்டு வந்தது, ஜப்பான் எழுத்து கீழிருந்து மேலே ஓடியது, பிறகு ஒன்றும் இல்லை. காக்கா டிவியை அணைத்துவிட்டு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யப் போனார்.

மறுநாள் மத்தியானம் அவர் தூங்கினார். அதற்கு மறுநாள் படகுத்துறையில் போய் உட்கார்ந்தார். இரண்டு வாரத்தில் வீடு பழையபடி "சோறு போடட்டுமா", "போடு" என்றாகிவிட்டது. மச்சிக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. பிரியாணி போட்டாள், நண்டு வறுத்தாள். கடைசியில் தானே பெட்டியைத் துடைத்து முன்னால் வைத்து, "மொதல்லேர்ந்து ஆடலாமாங்க?" என்றாள்.

பாவம், அவரும் உட்கார்ந்தார். குள்ளன் மறுபடி வெறும் துணியோடு நின்றான்.

"எந்தப் பக்கம் போறது?"

"தெரியலியே. நீங்களே பாருங்க."

குள்ளன் தவறான பக்கம் திரும்பினான். மச்சியின் கை தன்னையறியாமல் தரையில் மற்ற பக்கத்தைக் காட்டிவிட்டு மடியில் பதுங்கிக்கொண்டது. காக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவளுக்கு நடிக்க வராது. அந்தக் காட்டில் ஒவ்வொரு புதரும் அவளுக்குத் தெரியும், அது அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, தலை வலிக்கிறது என்று எழுந்துகொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து வந்தவர், கம்பெனியில் சீக்கிரம் வரச் சொல்கிறார்கள், லீவு முடிவதற்கு முன்பே கிளம்பப் போகிறேன் என்றார். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. காதை என்ன கழற்றியா வைக்க முடியும்?

மச்சி முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "கவசம் முடிஞ்சா சபருக்குச் சலாம்னு சொன்னீங்களே! நீங்க சொன்னீங்களேனுதானே நான் ராப்பகலா நெனச்சு முடிச்சேன்?"

"நானு எப்ப சொன்னேன்?" என்றார் காக்கா. பிறகு அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும். மறுபடி பேசியபோது கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"வாப்பா மௌத்தானாரு. நான் வர்றதுக்குள்ள அடக்கிட்டீங்க. அது தப்பில்ல, மார்க்கம் அப்படித்தான். ஜொஹராவுக்குக் கல்யாணம் முடிச்சீங்க. அந்தக் கல்யாணத்த நான் போட்டோவுல பாத்தேன். ஓடு மாத்துனீங்க, கெணறு தூர் வாருனீங்க. ஒவ்வொரு வாட்டியும் வர்றேன், பிரியாணி துன்றேன், போறேன். இந்த வீட்ல நான் எதைத் தொட்டிருக்கேன் சொல்லு? அந்தக் குள்ளனோட சட்டை ஒண்ணுதான் எனக்குனு பாக்கி இருந்துச்சி. ரெண்டு வருசமா அங்க ரூம்ல மேல்கட்டில்ல படுத்துக்கினு அதைத்தான் செஞ்சிக்கினு இருந்தேன். நீ பக்கத்துல இருப்ப, வழி சொல்லுவ."

உள்ளே மச்சி அவருக்குத் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

"எனக்குனு ஒண்ணு வெச்சிருக்கலாம்ல கரீமா."

நான் ஈரத்துணியைப் பிழிந்தபடியே நின்றேன். என் கல்யாணப் பந்தியில் அவருக்கு இடம் போடாமல் விட்டது போல இருந்தது. இவளைத் திட்டலாம் என்றால் இவள் செய்ததெல்லாம் பாசம். அவரைத் திட்டலாம் என்றால் அவர் கேட்டது ஒரு பொம்மைக்குச் சட்டை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பக்கத்தில் மேய்ந்த கோழியைத் திட்டினேன்.

அவர் போய்விட்டார். பொன்னேரி பஸ்ஸில் ஏறும்போது மச்சியின் தலையில் கை வைத்து, "ஒடம்ப பாத்துக்க" என்றார். அவள் பெட்டியையும் கேசட்டையும் துணியில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தாள், பிறகு தொடவில்லை.

அந்தக் கார்த்திகை மழையில் கொல்லை மதில் ஏரிப் பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பெரிய விஷயமில்லை, கொத்தனாரைக் கூப்பிட்டால் முடிந்துவிடும். ஜலாலுதீன் கூப்பிடக் கிளம்பினார். மச்சி விடவில்லை.

"அவரு வந்து பாத்துக்குவாரு."

"அவரு வர இன்னும் ரெண்டு வருசம் ஆவும் மச்சி. அதுவரைக்கும் தொறந்தா கெடக்கும்?" என்றேன் நான்.

"கெடக்கட்டும். எப்படிக் கட்டணும்னு அவரு சொல்லட்டும்."

சாக்கும் தார்ப்பாயும் கட்டினோம். காற்று பிய்த்துக்கொண்டு போனது. தெருப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள். சபர் போனவன் வீட்டில் மதில் விழுந்து கிடக்கிறது, இவள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். மச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆயுசில் முதல் தடவையாக ஒரு வேலையை முடிக்காமல் வைத்திருந்தாள். அதற்கு அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

காக்காவுடன் அதே யார்டில் வேலை செய்யும் அப்துல் ரவூப் டிசம்பரில் லீவுக்கு வந்தார். மச்சி மதிலைப் பற்றி எழுதியதற்கு காக்கா அவரிடம் வாய்மொழியாகப் பதில் சொல்லி அனுப்பியிருந்தார்.

"கொத்தனார வெச்சு உடனே முடிச்சுக்க சொன்னாரு. தனக்காக நிறுத்தி வெக்க வாணாம்னாரு. கம்பெனியில புதுசா காண்ட்ராக்ட் கையெழுத்து போட்டிருக்காரு, நடுவுல லீவு கெடைக்காது போல."

"வேற இன்னா சொன்னாரு?" என்று மச்சி கேட்டாள்.

"அவ்ளோதான் மச்சி. மதில் இல்லாம பொம்பளைங்க எப்படி இருப்பீங்கனு கவலைப்பட்டாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ரவூபுக்கு டீகூடக் கொடுக்கத் தோன்றவில்லை. எனக்குனு ஒன்று வை என்றவரும் அவர்தான், வைத்தால் முடித்துவிடு என்கிறவரும் அவர்தான். வீட்டுக்கு வெளியே இருந்தே பழகியவருக்கு உள்ளே வரும் வழி மறந்துவிட்டதோ என்னவோ.

கொத்தனார் சின்னப்பன் வந்தார். செங்கல் வந்தது. மச்சி நிழலில் நின்று பார்த்தாள். மதில் இடுப்புயரம் எழும்பியதும் ஏரிப் பக்கம் கையைக் காட்டி, அங்கே ஒரு ஆள் போகிற அளவுக்கு விட்டுவிடுங்கள் என்றாள்.

"கதவா பாயம்மா? நிலை இருக்குதா?"

"இல்ல. நிலையும் கதவும் அவரு வந்து வெப்பாரு."

சின்னப்பன் என்னைப் பார்த்தார். சொன்னபடி செய்யுங்கள் என்றேன்.

மதில் முடிந்துவிட்டது. அந்த இடைவெளி வழியாகத் தெரு ஆடெல்லாம் உள்ளே வந்து என் கீரைப்பாத்தியை மேய்கின்றன. காலையில் எழுந்ததும் அவற்றை விரட்டுவது என் வேலையாகிவிட்டது. ஒரு தட்டியாவது வைத்து அடைக்கலாம் என்று நேற்றும் சொன்னேன். மச்சி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, காக்காவுக்குத் தேக்கு பிடிக்குமா, வேம்பு பிடிக்குமா என்று என்னிடம் கேட்டாள். கூடப் பிறந்தவள்தான். எனக்கும் தெரியவில்லை.